சுரங்க ரயிலில் தண்ணீர் குடித்த இடம்

சண்டை ஓய்ந்து, கப்பல்கள் மறுபடியும் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டன. சேந்தமங்கலத்துச் சிநேகிதர் ஒருவர் மனைவியோடு லண்டனுக்குப் புறப்படுகிறார். "அங்கே பூமிக்கடியில் ரயில் ஓடுதாமுங்க, அதுல எப்படி ஏறி எறங்கறது?" என்று காளப்பநாயக்கன்பட்டியில் வழிமறித்துக் கேட்டார். நின்ற நிலையில் சொல்லி முடிகிற சங்கதியா அது? எழுதித் தருகிறேன் என்றேன். அவரைப் போலப் போகிறவர்கள் வேறு சிலரும் இருக்கலாம் என்பதால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் போனது சண்டைக்கு முன்பு. எனக்கு விவசாய இலாகாவில் உத்தியோகம். மிளகுக்கொடி வாடிப்போகும் நோயைப் பற்றி ஆறு மாதம் படித்துவர அனுப்பினார்கள். நான் பிறந்தது வாழவந்தி நாடு என்றாலும், பள்ளிக்கூடத்துக்காக ஆறு வயதிலேயே கொல்லிமலையை விட்டு இறங்கியவன். என் மனைவி நல்லாயி திண்ணனூர் நாட்டுக்காரி. கல்யாணம் வரைக்கும் மலையிலேயே இருந்தவள். "நீங்க போற எடத்துக்கு நானும் வாரேன்" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை. அடிவாரம் வரை நடை, சேலம் வரை பஸ், பம்பாய் வரை ரயில், பிறகு மூன்று வாரம் கப்பல்.

சுரங்க ரயில் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து ஸ்டேஷன்களுக்கு டிக்கெட் இரண்டு பென்ஸ், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டணா. இறங்கும் இடத்தில் டிக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே விடுவார்கள், தொலைத்துவிடாதீர்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும். கீழே போக நகரும் படிக்கட்டு உண்டு. அதில் வலது பக்கமாக நிற்க வேண்டும். பெண்கள் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொள்வது அவசியம். நல்லாயி முதல் நாள் அதில் கால் வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் மேலும் கீழுமாக இரண்டு தடவை போய்வந்தாள்.

வழி தெரிந்துகொள்ள வரைபடம் இனாமாகக் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பு. நல்லாயிக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அவள் சுவரில் பதித்த பளபளப்புக் கல்லின் நிறத்தைப் பார்த்து ஸ்டேஷனை அடையாளம் வைத்துக்கொள்வாள். இங்கே நானும் அவள் வைத்த பெயரையே எழுதுகிறேன். அந்த நாளைப் பொறுத்தவரை அவள் கணக்குத்தான் சரியாக இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் மிளகுக்கொடியைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கிறார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். "நம்ம கொடி இத்தன தூரம் வந்திருக்குதுன்னா போய்ப் பாக்கோணுமில்லீங்க" என்றாள். அப்போது அவள் நான்கு மாத கர்ப்பிணி. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். பச்சைக்கல் ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டியிருந்தது. அங்கே பிளாட்பாரத்திலேயே ஒரு அம்மாள் தேநீர்க் கடை வைத்திருந்தாள். ஆளுக்கொரு கோப்பை குடித்தோம். கோப்பையை வைத்துவிட்டு நல்லாயி சொன்னாள்: "இங்கதான் குடிச்சோம். நெனப்பு வெச்சுக்கோங்க."

"இதென்ன காடா புள்ள?" என்று சிரித்துவிட்டு நான் வரைபடத்தைப் பிரித்தேன்.

அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் மஞ்சள்கல் ஸ்டேஷன். அங்கே மறுபடி வேறு பாதைக்கு மாற வேண்டும். நல்ல கூட்டம். வண்டி வந்ததும் நான் முதலில் ஏறி, அவளுக்குக் கை கொடுக்கத் திரும்பினேன். கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் ஒரு கணம் தெரிந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. அப்போது பத்து ஐம்பது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்வண்டி பிடித்து ஒன்பதே நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். நல்லாயி அங்கே இல்லை. இரண்டு டிக்கெட்டும் என் பையில் இருந்தன. விடுதி விலாசம் எழுதிய சீட்டும் என் பையில்தான் இருந்தது. அவளிடம் ஒரு காசு கிடையாது. போர்ட்டரிடம் கேட்டேன். புடவை கட்டிய பெண் படியேறிப் போனதைப் பார்த்தாராம், எந்தப் பக்கம் திரும்பினாள் என்று கவனிக்கவில்லையாம். என்னைத் தேடி அடுத்த வண்டியில் ஏறியிருப்பாளோ என்று மறுபடி அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிறகு இங்கே, பிறகு அங்கே. மூன்று தடவை அப்படி அலைந்தேன். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஜனங்கள் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. வாய் விட்டு அழுதேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

தொண்டை வறண்டுபோய், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது.

எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் வருகிற ஆள் தெரியாது. பிரிந்துபோனவர்கள் ஒருவரை ஒருவர் தேடி அலையக் கூடாது. கடைசியாகச் சேர்ந்து தண்ணீர் குடித்த சுனைக்கு இருவருமே திரும்பிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் நான் இது தெரியாமல் அரைநாள் காட்டில் சுற்றியிருக்கிறேன். நல்லாயி சுனையோரம் காத்திருந்தாள். இனிமேல் மறக்க மாட்டேன் என்று அன்றைக்கு அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

இரண்டு நிறுத்தம் பின்னால் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு ஐந்து. பச்சைக்கல் சுவரோரம், தேநீர்க் கடைப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் நிறைந்த கோப்பை. கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் படபடவென்று பேசினாள். பாவம் என்று காசில்லாமல் கொடுத்தாளாம். ஒரு மணி நேரமாக இந்தப் பெண் ஒரு வாய் குடிக்கவில்லையாம். சூடாக வேறு தருகிறேன் என்றாலும் தலையை ஆட்டிவிடுகிறாளாம்.

நல்லாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, இத்தன நேரம் எங்க போய்த் தொலஞ்சீங்க? எங்கியாச்சும் உழுந்து கிழுந்து போட்டீங்களோன்னு உசுரே போயிருச்சுங்க."

தொலைந்துபோனது நான்தான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் அது சரிதான்.

"ஏம்புள்ள, தாகமா இருந்திருக்குமே. குடிச்சிருக்கலாமல்ல?" என்றேன்.

"மொதல்ல வந்தவங்க குடிக்கக் கூடாதுங்க. வராதவங்களுக்கும் தாகந்தானே?" என்று கோப்பையை என்னிடம் நீட்டினாள். உதடு அவளுக்கு வெடித்திருந்தது. பழக்கத்தின் அந்தப் பாதி எனக்குத் தெரியாது. சுனையோரத்தில் அன்றைக்கும் அவள் குடிக்காமல்தான் இருந்திருக்கிறாள். பாதி குடித்துவிட்டுக் கொடுத்தேன். ஆறிப்போன தேநீர், மேலே ஆடை படிந்திருந்தது. அவள் ஒரே மூச்சில் குடித்தாள். மிளகுக்கொடியை அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். "எளச்சுப் போச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே சிநேகிதரே, டிக்கெட்டை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். விலாசச் சீட்டை மனைவியின் முந்தானையில் முடிந்துவிடுங்கள். வண்டியில் அவரை முதலில் ஏற்றிவிட்டு நீங்கள் ஏறுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கீழே இறங்கியதும் இருவருமாக ஏதாவது குடியுங்கள், அந்த இடத்தை நினைவில் வையுங்கள். பிரிந்துவிட்டால் வரைபடத்தைப் பிரித்துக்கொண்டு நிற்காமல் நேரே அங்கே போங்கள். கொஞ்சம் வேகமாகவே போங்கள். அங்கே ஒருத்தி தாகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.