மேப்பைக் கிளிக் செய்யாமல் மலைக்கு: ஆரப்பாளையம் மாடியில் ஒன்பது கிலோமீட்டர் நடை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரேஷன் கார்டில் பெயர் திருத்தத் தாலுகா ஆபீஸ் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நாற்பத்தேழு வயதில் மூன்று நாள் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் ஆடினேன். படிப்பு ஏழாவதோடு நின்றது. பிழைப்பு, குட்டியானை வண்டியில் லோடு அடிப்பது. பக்கத்து சீட்டுக் காலேஜ் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும், பரீட்சை ஹாலுக்குள் சூப்பர்வைசர் வந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் திரையில் சுவரில் முட்டி முட்டி நடப்பதைப் பார்த்த பிறகு அந்த மரியாதையும் போயிற்று.

ஆனாலும் அது பயணம்தான். அதனால் முறைப்படி எழுதுகிறேன். 2009, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், புதன் முதல் வெள்ளி வரை. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடி. மணிக்கு இருபது ரூபாய். நடந்த தூரம் ஒன்பது கிலோமீட்டர், அத்தனையும் திரைக்குள்ளே.

காரணம் சோணை. டவுன் பஸ் கண்டக்டர், என் கூட்டாளி. பதினொரு வருஷம் விடாமல் மதுரையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனவன். அவன் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. வழியில் முடியாமல் வண்டி ஏறினால், மறுபடி அதே இடத்துக்கு வந்து இறங்கி, அங்கிருந்து நடந்து முடிக்க வேண்டும். வண்டியில் போன தூரம் நடந்த தூரமாகாது. ஒருவரால் முடிக்கவே முடியாமல் போனால், கூட வந்தவர் யாராவது மீதியை நடந்து தீர்க்க வேண்டும். நானும் ஒரு வருஷம் போனேன். வாடிப்பட்டியில் லாரி ஏறிவிட்டேன். அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வாடிப்பட்டில உன் கால் இன்னும் காத்துக்கிட்டு கெடக்கு மாப்ள” என்பான்.

சர்க்கரை வியாதியில் அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதற்கப்புறம்தான் இந்த மாடிக்கு வர ஆரம்பித்தான். சென்டரை நடத்தும் ஜானகியக்கா சௌராஷ்டிரக்காரர். போனில் வீட்டாரிடம் அவர் மொழியில் பேசும்போது எங்களைத் திட்டுகிறாரா என்று தெரியாது, தமிழில் பேசும்போது நிச்சயமாகத் திட்டுவார். அவர்தான் அவனுக்கு அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தது. பெரிய தேசம். ஆறு, காடு, ஊர்கள், வடக்குக் கோடியில் ஒரு மலை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். மேப்பில் ஓர் இடத்தைக் கிளிக் செய்தால் கண் மூடித் திறப்பதற்குள் அங்கே நிற்கலாம். பையன்கள் அதை பாஸ்ட் டிராவல் என்றார்கள். சோணை கண்டக்டர் அல்லவா, பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் என்று பேர் வைத்து, அதில் ஏறவே மாட்டேன் என்றான். அந்த வடக்கு மலைக்கு நடந்தே போவது என்று கிளம்பினான். வழியில் வந்த ஊர்களுக்கெல்லாம் ஸ்டேஜ் பெயர் வைத்து, ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டினான். சமயநல்லூர், வாடிப்பட்டி, திண்டுக்கல். கடைசியாக ஆற்றுப் பாலம், அது ஒட்டன்சத்திரம். அதற்குக் கீழே தாள் காலி.

ஐப்பசியில் அவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போயிருந்தேன்.

“மாப்ள, பாலத்துக்கிட்ட நிக்கிறேன்டா. நான் வராட்டி நீ போயி முடிச்சு விட்ரு.”

நான் சும்மா இருப்பேனா. “வாடிப்பட்டியவே தாண்டாதவன்ட்ட வந்து கேக்குற பாரு. கால் இல்லாதவனுக்கு எதுக்குடா இம்புட்டு நடை?”

இருபது வருஷமாக என் கேலிக்கு அவன் பதில் கேலி சொல்லாமல் இருந்ததில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கார்த்திகையில் போய்ச் சேர்ந்தான்.

தையில் ஜானகியக்கா சென்டரை மூடுவதாகச் செய்தி வந்தது. கம்ப்யூட்டர்களைப் பழைய சாமான் வியாபாரி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எடுத்துப் போகிறார். அதோடு பாலத்தில் நிற்பவனும் போய்விடுவான். புதன்கிழமை போய் உட்கார்ந்தேன்.

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கரண்ட் கட். பன்னிரண்டு ஐந்துக்கு அக்கா சோணையின் ஆட்டத்தைத் திறந்தார். பாலம் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தது இரண்டு கால். ஆள் தலை குனிந்து தன் பாதத்தைப் பார்த்தபடி நின்றான். தோல் பூட்ஸ், ரெண்டும் சரியாக இருந்தன.

“அவர் எப்பவும் அப்படித்தான் நிறுத்திட்டுப் போவாரு” என்றார் அக்கா.

நடப்பதற்கு டபிள்யூ எழுத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும், திரும்புவதற்கு மவுஸ். குட்டியானையே எவ்வளவோ தேவலை. நாற்பது நிமிடம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டிவிட்டு, வழி பார்க்கலாம் என்று மேப்பைத் திறந்தேன். மலை எங்கே என்று தொட்டுப் பார்க்க மவுஸைக் கொண்டுபோனவன், விரல் அழுந்திக் கிளிக் செய்துவிட்டேன். திரை இருண்டது. வெளிச்சம் வந்தபோது மலையடிவாரத்தில் நிற்கிறேன். ஒன்பது கிலோமீட்டர் பத்து விநாடியில். போதாததற்கு விளையாட்டு தானாகவே அங்கே சேவ் ஆகிவிட்டது.

“அதான் சேந்தாச்சே தம்பி. மேல ஏறிட்டு வீட்டுக்குப் போங்க.”

“அக்கா, இது லாரி ஏறுன மாதிரி.”

“யாரு பாத்தா?”

எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். மேலே ஏற இருபது நிமிடம்தான். முடித்துவிட்டால் தாலுகா ஆபீசுக்கே நிஜமாகப் போயிருக்கலாம். ஆனால் இன்னொரு லாரியா என்று இருந்தது. ஏறிய இடத்துக்குத் திரும்பிப் போக வண்டி பிடிக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. மேப்பில் பாலத்தைக் கிளிக் செய்து திரும்ப அங்கேயே போய் நின்றேன். அன்றைய கணக்கு: ஒன்றே முக்கால் மணி நேரம், முன்னேறிய தூரம் பூஜ்யம்.

வியாழன் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினேன். பாலம் தாண்டினால் ஓயாத மழை. வெட்டவெளி, சாம்பல் நிறப் புல், ஆள் அரவம் கிடையாது. ஒன்றரைக் கிலோமீட்டரில் எரிந்துபோன ஓர் ஊர். ஒரு வீட்டுக்குள் மேசையில் ரெண்டு தட்டு வைத்திருந்தது, சாப்பிட ஆள் இல்லை. மேப்பில் அந்த ஊருக்குப் புள்ளிகூட இல்லை. கிளிக் செய்து போகிறவனுக்கு அப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லதோ என்னவோ. அடுத்த காட்டில் ஓநாய் மூன்று தடவை கடித்துக் கொன்றது. செத்தால் கடைசியாகச் சேவ் செய்த இடத்தில் எழுந்து நிற்கலாம். நான் சேவ் செய்ய மறந்திருந்ததால் மூன்று தடவையும் பாலத்திலிருந்து. அந்தச் சலுகை உள்ளே மட்டும்தான். நாலாவது தடவை ஓடாமல், மரத்தை ஒட்டி மெதுவாக நடந்தேன், விட்டுவிட்டது. நாலரை மணிக்கு நாலு கிலோமீட்டரில் சேவ் செய்து நிறுத்தினேன். விரல் மரத்து, டபிள்யூவை விட்ட பிறகும் மடங்கியே இருந்தது. வீட்டில் கேட்டார்கள். தாலுகா ஆபீசில் நிறையக் கையெழுத்து என்றேன்.

வெள்ளி. அக்கா சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. மீதி ஐந்து கிலோமீட்டர், இடையில் வழி தவறிச் சதுப்பில் சுற்றியதையும் மலை ஏறியதையும் சேர்த்து மூன்றே கால் மணி நேரம். அந்தத் தூரத்தில் ஓர் ஆளைக்கூடப் பார்க்கவில்லை. சோணையாக இருந்தால் ஏழெட்டு ஸ்டேஜ் பேர் வைத்திருப்பான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாயைத் திறந்து கேலி செய்ய ஆள் இல்லாவிட்டால் நான் இம்புட்டுத்தான் என்று தெரிந்தது.

மூன்றரைக்கு அடிவாரம். பழனியில் படியேறும் முன் சோணையின் குழு செருப்பைக் கழற்றும். நான் எழுந்து போய், என் செருப்பை மாடி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா பார்த்தார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு உச்சி. சாமி இல்லை, புதையல் இல்லை. இடிந்த ஒரு கோபுரம், காற்றுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் தூரத்தில் பாலம் நூல் மாதிரி தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மவுஸைக் கீழே இழுத்து, ஆளைத் தன் பாதத்தைப் பார்க்க வைத்து, சேவ் செய்தேன்.

“முடிஞ்சுதா?”

“கொண்டாந்து விட்டுட்டேன்க்கா.”

அக்கா சுவரில் இருந்த தாளைக் கிழியாமல் உரித்து என்னிடம் கொடுத்தார். நான் ஒட்டன்சத்திரத்துக்குக் கீழே பழனி என்று எழுதினேன். ஆறு மணி வரை இருக்க மனசில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஒன்பது கிலோமீட்டருக்கு எனக்கு மூன்று நாளில் ஒன்பதே கால் மணி நேரம், நூற்று எண்பத்தைந்து ரூபாய் ஆனது. விரல் பழகியவர்களுக்குப் பாதி போதும். கால் மணிக்கு ஒருமுறை சேவ் செய்யுங்கள். மேப்பைத் திறந்தால் மவுஸில் விரலை வைக்காதீர்கள். கிளிக் செய்தால் இடம் வரும், வழி வராது. அந்த வழியில் மனசுக்கு ஆகாத நிறைய விஷயம் கிடக்கிறது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். போக வேண்டும் என்று யாராவது கேட்டால், அவர் பாலத்தில் நிற்கும்போதே கூடப் போய்விடுங்கள்.

வெளியே வந்தால் வாசலில் செருப்பு இல்லை. எட்டாம் நம்பர், பிரவுன் கலர், வாங்கி இரண்டு மாதம். அக்காவும் படிவரை வந்து தேடினார். பிறகு விளாங்குடி வீட்டுக்கு வெறுங்காலோடு நடந்தேன், நாலு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். திண்டுக்கல் ரோட்டில் பழனி யாத்திரைக்காரர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பந்தலில் என்னையும் சேர்த்து உட்கார வைத்து, புளியோதரை கொடுத்து, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒட்டன்சத்திரம் என்றேன். அப்படியென்றால் பழனி எதிர்ப்பக்கம் அல்லவா, இங்கே எதற்கு வந்தீர்கள் என்றார்கள். ரேஷன் கார்டு விஷயமாக என்றேன்.