முயல்கறி மச்சான்

சில வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசியில் திருப்பரங்குன்றத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. நான் சொல்லப்போகும் சம்பவம் அதற்கு அடுத்த வாரம், பெண் வீட்டு விருந்துக்காக மாமனார் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. ஊர் திருவாதவூர்ப் பக்கம். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் என் மச்சானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு அண்ணன். காய்கறி ஏற்றும் வேன் ஒன்று சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய்! கல்யாண மண்டபத்தில் மைக் வேலை செய்யாவிட்டாலும் இவர் இருந்தால் போதும். அவரிடம் ஒரு ஏர்கன் இருந்தது. அதை வைத்துக் கிளையில் தொங்கிய புளியம்பழத்தை அடித்தது, தூரத்து டப்பாவை அடித்தது என்று ஒரே கதையைப் பெண் பார்க்கப் போன அன்று ஒரு தடவை, நிச்சயத்தன்று ஒரு தடவை, பத்திரிகை வைக்க வந்தபோது ஒரு தடவை என்று கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் டப்பா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

அந்த வாய்தான் வம்பை இழுத்தது. கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா சும்மா இருக்காமல், "விருந்துக்கு வாரோம்ப்பா. பிராய்லர் கோழியப் போட்டு ஏமாத்திராதீங்க" என்று சீண்டினார்.

மச்சான் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வீட்டு ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி, "பிராய்லரா? எந்தங்கச்சி மாப்பிள்ளைக்கு மொயக்கறி போடலேன்னா எம்பேர மாத்தி வச்சுக்கங்க!" என்றார்.

முயல் அடிப்பது சட்டப்படி குற்றம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் புது மாப்பிள்ளை இலையில் முயல்கறி விழுவது ஒரு பெருமை. யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். சொல்லப்போனால் எனக்கு ஆசையாகவே இருந்தது. மதுரை சிம்மக்கல்லில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறவன் நான், முயல் என்றால் கூண்டில் கேரட் தின்னும் வெள்ளை முயலைத்தான் பார்த்திருக்கிறேன்.

விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் என்னையும் கூப்பிட்டார். புது மாப்பிள்ளை ஆயிற்றே, நான் சென்ட் அடித்துப் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, உங்க வாசம் மேலூர் வரைக்கும் அடிக்கிது. மொயலுக்குக் கண்ணைவிட மூக்கும் காதுந்தேன்."

பம்புசெட்டில் நிற்கவைத்துக் குளிப்பாட்டாத குறைதான். அவருடைய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து, அதற்கு மேல் ஆட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய கம்பளியையும் போர்த்திவிட்டார். ஆட்டு வாடையோடு புது மாப்பிள்ளை வரப்பில் நடந்ததைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கண்மாய்க்கு மேற்கே, நெல் அறுத்த வயலும் கடலைக் கொல்லையும் சேருகிற மூலையில் மறைப்பு கட்டியிருந்தார். பனை ஓலை, சீமைக்கருவேல முள், மேலே காய்ந்த வைக்கோல். வெளியே இருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட முள்குவியல். உள்ளே இரண்டு பேர் குந்தி உட்காரலாம். துப்பாக்கி முனை மட்டும் போகிற மாதிரி ஒரு ஓட்டை.

"போன வாரமே கட்டிப் போட்டேன் மாப்ள. திடீர்னு புதுசா ஒண்ணு மொளச்சா அது இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. பாத்துப் பாத்துப் பழகணும்" என்றார். காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி திசை பார்த்துக் கட்டியிருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு, விருந்து வேலை அத்தனைக்கும் நடுவில் இதையும் செய்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

அதைவிட ஆச்சரியம், உள்ளே போனதும் மனுஷன் வாயை மூடிக்கொண்டார். கொசு கடித்தது, கால் மரத்தது, நான் நெளிந்துகொண்டே இருந்தேன். அவர் அசையவே இல்லை. இவரா அந்தப் புளியம்பழக் கதை சொன்னவர் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பொழுது இறங்கி, கௌதாரி ஒன்று கத்தி ஓய்ந்தது. கொல்லை ஓரத்துப் புதரிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. நான் மண்கட்டி என்று நினைத்தது காதை நிமிர்த்தியதும்தான் முயல் என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய காது! வெளிச்சம் அதன் வழியாகச் சிவப்பாகத் தெரிந்தது. கொஞ்சம் வரும், நிற்கும், மோப்பம் பிடிக்கும், மறுபடி கொஞ்சம் வரும். கடைசியில் ஒரு புல் திட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து அப்படியே அசையாமல் இருந்துவிட்டது. எங்கள் கடையிலிருந்து எதிர்ச்சாரிக் கடை வரை இருக்கும் தூரம்தான். ஓடவில்லை, ஆடவில்லை. என் மாதிரி ஆளே அடித்துவிடலாம்.

மச்சான் கன்னம் துப்பாக்கியில் பதிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தேன். விசையிலிருந்து விரலை எடுத்திருந்தார். துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் நகர்த்தி, மேலே மாட்டியிருந்த ஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். பார்த்தேன். முயலின் வயிற்றுக்கு அடியில் ஏதோ முண்டிக்கொண்டிருந்தது. கைக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு குட்டிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரப்புப் பக்கமிருந்து இன்னொன்று தத்தித் தத்தி ஓடிவந்து நடுவில் தலையை நுழைத்தது.

"பால் குடுக்குது மாப்ள" என்று காதருகே சொன்னார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அந்தத் தாய் சுற்றிலும் காதைத் திருப்பிக்கொண்டே இருந்தது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. குட்டிகள் குடித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் நக்கிவிட்டுப் போய்விட்டது. குட்டிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்தன. எங்கே உட்கார்ந்தன என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கறி ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வேற ஒண்ணு வரும்வரை இருப்பமா மச்சான்?" என்று நான்தான் கேட்டேன், அவருக்காக.

"மங்கல்ல எது ஆணு எது பொட்டைன்னு நான் என்னத்தக் கண்டேன். வாங்க போவோம்." போட்டிருந்த குண்டை வரப்பு மண்ணில் சுட்டுக் காலி பண்ணிவிட்டு எழுந்தார்.

ரோட்டுக்கு ஏறினால், பாலத்தில் ஊர்ப் பையன்கள் சிலர் வேட்டை நாய்களோடு உட்கார்ந்திருந்தார்கள். "என்னண்ணே, விழுந்துச்சா?"

"தப்பிருச்சுடா" என்றார் மச்சான்.

"நெசமாவா? உனக்கா? எந்தப் பக்கம் ஓடுச்சு?"

யோசிக்கவே இல்லை. கண்மாய்க்குக் கிழக்கே கையை நீட்டினார். நாங்கள் இருந்தது மேற்கே. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புளியம்பழத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "உள்ளதைச் சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"குட்டி இருக்குன்னு தெரிஞ்சா விடியறதுக்குள்ள நாயும் வலையுமாப் போயிருவாங்க மாப்ள. பாத்தேன், அடிக்கலேன்னு சொன்னாலும் எங்க பாத்தேன்னு கேப்பாங்க. தப்பிருச்சுன்னா ஒருத்தனும் மேக்கொண்டு கேக்க மாட்டான்." கொஞ்சம் நடந்துவிட்டு, "உங்க பெரியப்பாட்டயும் அதத்தேன் சொல்லணும். நாளைக்கு அவரு பந்தியில பேசுறத அம்புட்டு சனமும் கேக்கும்ல" என்றார்.

மறுநாள் பந்தி. ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, ரத்தப் பொரியல் என்று இலை நிறைந்திருந்தது. பெரியப்பா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "முயல் எங்கப்பா? ஓடிப் போச்சா?" என்றார்.

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. மச்சான் கையில் குழம்பு வாளி. "குறி தப்பிருச்சு மாமா" என்றார்.

"அப்ப உன் பேரை என்னன்னு மாத்துறது?" என்று பெரியப்பா கேட்க, என் பக்கத்து ஆட்கள் சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறியது சிலருக்கு. அங்கேயே பெயரும் வைத்துவிட்டார்கள், 'முயல்கறி' என்று. மாமனார் முகம் தொங்கிப்போனது. புகுந்த வீட்டார் முன்னால் என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னண்ணே?" என்று எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கேட்டாள்.

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். மச்சான் சட்டென்று வந்து, "மாப்ளைக்குக் கொழம்பு பத்தல போல" என்று இலையில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பந்தி முழுக்க அத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இலையாகக் குனிந்து, 'இன்னுங் கொஞ்சம் வைங்க, கூச்சப்படாதீங்க' என்று சிரித்த முகத்தோடு பரிமாறினார். அந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

சில மாதங்கள் கழித்து மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் உடனே போன் போட்டு, "ஏண்ணே எங்கிட்டக்கூடச் சொல்லல?" என்று அழுதாள். அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கு மச்சான் வந்தாலும் 'முயல்கறி வந்துட்டாரு' என்றுதான் வரவேற்கிறார்கள். குட்டிகளெல்லாம் வளர்ந்து போயிருக்கும், இனிமேலாவது சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "அங்கன இன்னமும் மொயலு மேயுது மாப்ள. அதுவும் போக, அவுகளுக்குச் சிரிக்க ஏதாச்சும் வேணும்ல" என்கிறார். இதை எழுதவும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர் பெயர் வராது என்று சொன்ன பிறகுதான் சரி என்றார்.

முன்பெல்லாம் வாய்ச்சவடால் அடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. ஒருவர் எதைப் பெரிதாகப் பேசுகிறார் என்பதைவிட, எந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார் என்றுதான் பார்க்கிறேன்.