கறிக்கடை மாடியில் ஒரு கருடன்

கடலூர் முதுநகரில் நல்ல ஆட்டுக்கறி வேண்டுமென்றாலும் ஹாமித் கடைக்குத்தான் போக வேண்டும். அடிபட்ட நாயைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும். கீழே கடை. மாடியில் கடலூர் வட்டார வாயில்லா ஜீவன்கள் பாதுகாப்புச் சங்கம். இவ்வளவு நீளமாகச் சொல்ல ஊருக்குப் பொறுமை இல்லை. கறிக்கடை சங்கம் என்று முடித்துக்கொண்டது. பெயர் வைத்த செயலாளர் சுப்பிரமணியன் சாருக்கு இதில் இன்றுவரை வருத்தம். அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வெங்காயம்கூட உள்ளே நுழையாத வீட்டுக்காரர். மாடிக்குப் போக ஒரே படிக்கட்டு. அது கடைக்குள் இருக்கிறது. தினமும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, தொங்கும் தொடைகளுக்கு நடுவே குனிந்து, ஜீவகாருண்யம் செய்ய மாடியேறுவார்.

இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு நாய்தான். கடை வாசலில் எலும்புக்குக் காத்திருந்ததை ஒரு பஸ் இடித்துவிட்டுப் போனது. ஹாமித் அதை மடியில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது எதிரே வந்த முதல் மனிதரைப் பார்த்து, "சார், கொஞ்சம் கடையப் பாத்துக்குங்க" என்றார். வந்தவர் சுப்பிரமணியன். சிதம்பரத்தில் கால்நடை மருத்துவர் சத்யப்பிரியா நாய்க்குத் தையல் போட்டு முடிக்கும்வரை, முதுநகரில் ஒரு சுத்த சைவர் ஈ ஓட்டியபடி ஆட்டுக்கறிக்குக் காவல் இருந்தார். ஹாமித் திரும்பி வந்ததும் சுப்பிரமணியன் கேட்ட முதல் கேள்வி, "பிழைச்சுதா?" சங்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது, பலகை பிற்பாடுதான் வந்தது.

"ஆட்ட அறுக்கிற கையால நாய்க்குக் கட்டுப் போடுறியே பாய், இது இன்னா ஞாயம்?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

"ஆட்ட அறுத்தா நீங்க சாப்புடுறீங்க. நாய் மேல வண்டிய ஏத்துனா யாரு சாப்புடுறாங்க?" என்பார் ஹாமித். தர்க்கத்தில் இது எவ்வளவு தேறும் என்பது சந்தேகம்தான். ஆனால் கையில் கறிப்பையோடு நின்று இதை மறுத்துப் பேசியவர் இதுவரை இல்லை.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் காலை தேவனாம்பட்டினத்து மீன்காரி மலர்க்கொடி, ஈரச்சாக்கு மூடிய கூடையோடு வந்து சேர்ந்தாள்.

"மீனு வேணாம்மா. கறிக்கடைக்கே வந்து மீனு விக்கிறியா?"

"மீனில்ல பாய், கருடன்."

சாக்கை விலக்கினால் உள்ளே ஒரு செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. வலது இறக்கையில் நைலான் வலையின் இழை சதை வரைக்கும் இறங்கியிருந்தது.

"கிழிஞ்ச வலையில மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சி. என் வூட்ல செத்துச்சின்னா எனக்குல்ல பாவம்?"

"இங்க செத்தா எனக்குப் பாவமில்லியா?"

"உங்களுக்குத்தான் பழக்கமாச்சே!"

சிதம்பரத்திலிருந்து சத்யப்பிரியா வந்தார். எலும்பு தப்பித்திருந்தது. காயத்தைத் தைத்துக் கட்டினார். ஒரு நீள இறகு வேரோடு போய்விட்டது, அது இனி முளைக்காது என்றார். வனத்துறைக்குத் தகவல் போயிற்று. காயம் ஆறும்வரை வைத்துக்கொள்ளலாம், ஆறியதும் பறக்கவிட்டாக வேண்டும் என்று அனுமதியும் வந்தது. அதற்கு மேல் டாக்டர் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார்: பருந்து மனித முகம் பார்க்கக் கூடாது, மனிதக் குரல் கேட்கக் கூடாது.

"மனுசன் வந்தா சாப்பாடு வரும்னு தெரிஞ்சிடுச்சின்னா, அப்புறம் அது பருந்து இல்ல பாய், கோழி."

ஹாமித்துக்கு இதைப் புரியவைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆட்டின் கண் படும்படி கத்தி தீட்டக் கூடாது, ஓர் ஆட்டின் எதிரில் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பது அவருக்குத் தொழிலும் மார்க்கமும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தது. அறுப்பதற்காக மறைக்கத் தெரிந்தவருக்கு வாழவைப்பதற்காக மறைப்பதா கஷ்டம்? மொட்டைமாடியில் பெரிய கூண்டு எழும்பியது, சுற்றிலும் பச்சை வலைத்துணி. பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் வழியாக மீன் உள்ளே விழும். போட்ட கை வெளியிலேயே நின்றுவிடும்.

கறிக்கடை மாடியில் கருடன் இருக்கும் செய்தி தெருவில் பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இப்போது கடை முன்னால் நின்று, மாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கீழே ஹாமித் எலும்பு வெட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் பக்திக்கு இன்னொருவர் இடைஞ்சலாக இல்லை.

காயம் ஆறியது. பருந்து கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கத் தொடங்கியது. நாளும் குறித்தாயிற்று. சில்வர் பீச்சில் வனச்சரகர், உள்ளூர் நிருபர்கள், பூவும் தேங்காயுமாகச் சில பெண்கள். சுப்பிரமணியன் சார் சலவை வேட்டியில் வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் பருந்து ஜிவ்வென்று எழும்பியது. எல்லோர் கையும் கன்னத்துக்குப் போனது. பெரிதாக ஒரு வட்டம் அடித்தது. பிறகு சாவகாசமாக இறங்கி, ஹாமித்தின் மொபெட்டில் தொங்கிய நீல வாளியின் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தது. வாளி காலி. தலையைச் சாய்த்து ஹாமித்தைப் பார்த்தது.

வனச்சரகர் தனக்குப் போர்த்திய சால்வையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இது பறவையா பாய், இல்ல உங்க வூட்டுப் புள்ளயா? இப்பிடியே வெளிய வுட்டா எவனாவது புடிச்சி அடைச்சிடுவான். அடுத்த தடவையும் இதே கதின்னா வண்டலூருதான். ஆயுசுக்கும் கூண்டு. எனக்கு வேற வழி இல்ல."

மாடிக்குத் திரும்பியதும் சத்யப்பிரியா விசாரணை மன்றம் கூட்டினார். "யாரு கையால குடுத்தது?"

முதலில் வாய் திறந்தவர் செயலாளர். "குழாய்ல மீன் சிக்கிக்கறது டாக்டர். அதனால கையால... உறை போட்டுண்டுதான்."

"பேசினீங்களா?"

"சேச்சே. ஸ்லோகம் மட்டும் சொன்னேன்."

"நான் ஈரல் மட்டுந்தான் குடுத்தேன்" என்றார் ஹாமித்தின் மனைவி நஜியா. மீன்கூடையோடு படியேறி வந்த மலர்க்கொடி, "நான் கொண்டாந்த புள்ளய நான் பாக்கக் கூடாதா?" என்று எதிர்க்கேள்வி போட்டாள். கடைசியில் எல்லோரும் ஹாமித்தைப் பார்த்தார்கள். விடிகாலை பஜ்ருத் தொழுகை முடிந்து கடை திறப்பதற்குள் நீல வாளியில் கொத்துக்கறியோடு மாடியேறி, "வாடா ராஜா" என்று கூப்பிட்டு ஊட்டியதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சட்டத்தை மீறுவது தான் ஒருவர் மட்டுமே, ஒரு வாய்க்கு என்ன கெட்டுவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். பறவைக்கு எடை கூடியது தன் மருந்தால்தான் என்று டாக்டர் நினைத்திருந்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"அதுக்கு மனுசனப் புடிக்காமப் போவணும்" என்றார் சத்யப்பிரியா. "முக்கியமா உங்கள."

சுப்பிரமணியன் சாருக்கு எதையும் அதட்டத் தெரியாது, வகுப்பறையிலேயே தெரிந்திருக்கவில்லை. வேலை ஹாமித் தலையில் விழுந்தது. அதே நீல வாளி. உள்ளே கறிக்குப் பதில் கூழாங்கல். கூண்டுக்குள் போய் வாளியைக் குலுக்கி, அலுமினியத் தட்டில் கரண்டியால் அடித்து, "போ! போடா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். முதல் நாள் பருந்து இதையும் புதுவிதமான சாப்பாடு என்றே எண்ணி, கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தது. அவர் தட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்து, அன்று வெட்டிய கறியை எல்லாம் கோணல்மாணலாக வெட்டினார்.

"எங்கிட்ட ஒரு நாளு இப்பிடிச் சத்தம் போட்டிருக்கீங்களா மச்சான்?" என்று நஜியா சீண்டினாள். "பாவம், அது உங்களக் கொலகாரன்னு நெனைக்கப் போவுது."

"நெனைக்கணும். நெனச்சாத்தான் பொழைக்கும்."

மறுநாளும் ஏறினார். அதற்கு அடுத்த நாளும். மீன் இப்போது உயிரோடு தொட்டியில் நீந்தியது. ஆள் யாரும் மாடியில் இல்லாத நேரம் பார்த்துப் பருந்து தானே பிடித்துத் தின்ன வேண்டும். குழாயைச் சுப்பிரமணியன் சார் தன் கையாலேயே சிமென்ட் வைத்து அடைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, நீல வாளி படியில் தெரிந்தாலே பருந்து கூண்டின் மறுகோடிக்குப் போகத் தொடங்கியது. ஒரு நாள் ஹாமித் இன்னும் வாயே திறக்கவில்லை. அது இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, அவரைப் பார்த்துச் சீறியது.

கீழே வந்து, "சீறுது நஜியா! என்னப் பாத்து!" என்றார். கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்தது.

இரண்டாவது முறை சால்வை, நிருபர், தேங்காய் எதுவும் இல்லை. வனச்சரகரும் டாக்டரும் சற்று எட்ட நின்றார்கள். சுப்பிரமணியன் சார் வர மறுத்துவிட்டார். ஸ்லோகம் வாயில் வந்துவிடுமாம். படகுகள் கரை ஏறும் வேளை. பெட்டி திறந்ததும் பருந்து எழும்பி ஒரு படகின் கம்பத்தில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து கரையைப் பார்த்தது. வனச்சரகர் பெருமூச்சு விட்டார்.

ஹாமித் வாளியோடு மணலில் ஓடினார். தட்டை அடித்தார், கத்தினார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பாய்க்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பருந்து கம்பத்தை விட்டுக் கிளம்பியது. கரைப்பக்கம் திரும்பாமல், அலைக்கு மேலே, மற்ற பருந்துகள் சுற்றும் இடம்வரை போய்ப் புள்ளியாகக் கலந்துவிட்டது.

அதற்குப் பிறகு சேதி இல்லை. பறந்தது சரி, பிடித்துத் தின்னுமா, பட்டினியில் எங்காவது விழுமா என்பது யாருக்கும் தெரியாது. கடைக்கு மேலே நிழல் ஆடினால் ஹாமித் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். காக்காயாக இருக்கும்.

ஒரு முற்பகலில் மலர்க்கொடி போன் செய்தாள். குரலில் நெருப்பு.

"பாய்! உங்க கருடன் எங் கூடையில இருந்த கெழங்கா மீனத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சி! இருக்கிறதுலயே பெருசு!"

"நம்முதுதான்னு எப்பிடித் தெரியும்?"

"வலது றெக்கையில சந்து வுழுந்து கெடக்குதே, எனக்குத் தெரியாதா? நாந்தான கொண்டாந்தேன்!"

"கூப்டுப் பாத்தியா?"

"வாடா ராஜான்னு கூப்புட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல, நன்றிகெட்டது!"

"இன்னொரு வாட்டி சொல்லு, மலரு."

"இன்னாத்த?"

"திரும்பிப் பாக்கலன்னியே, அத."

அவள் திட்டிக்கொண்டே மறுபடி சொன்னாள். ஹாமித் போனை ஸ்பீக்கரில் போட்டு, மூக்கைப் பொத்தியபடி உள்ளே நுழைந்துகொண்டிருந்த செயலாளருக்கும் கேட்கவைத்தார். சுப்பிரமணியன் சார் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். கறிக்கடைக்கு நடுவே நின்று, வாய்விட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் ஹாமித் நீல வாளியோடு தேவனாம்பட்டினம் போனார். மீன்கழிவு கொட்டும் இடத்தில் பருந்துகள் தாழ்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஒன்றும் அவரைச் சட்டை செய்யவில்லை. ஒரே ஒன்று மட்டும், வலது இறக்கையில் இடைவெளி உள்ளது, விசுக்கென்று திரும்பிக் கடலுக்கு மேலே போய்விட்டது.

மறுநாள் கடை முன்னால் ஓர் அம்மா மாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "கருடன் எங்க பாய்?"

"இங்க இல்லம்மா. தேவனாம்பட்டினத்துல திருடித் தின்னுக்கிட்டு இருக்கு" என்றார் ஹாமித், மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததைச் சொல்லும் குரலில்.