ஒரே ஓர் உறுப்பினர்

தையல்காரக்காவுக்குப் பதவி ஆசை கிடையாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. வரலாற்றுக்கு இழைக்கப்படும் அநீதி அது. சங்கம் தொடங்கிய அன்று அவர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டுப் போய்ச் சேருவதற்குள் பதவிகள் தீர்ந்துபோய்விட்டன, அவ்வளவுதான்.

சங்கம் பிறந்ததற்குக் காரணமே அக்காவின் கடைதான். தெருவின் பள்ளமான கோடியில், வீட்டு முன்னறையில் இருக்கிறது அது. ஒரு மிதி மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், துணி வெட்டும் மேசை, மேசைக்கடியில் பள்ளிக்கூடச் சீருடைத் துணிக் கட்டுகள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அழைக்காத விருந்தாளியாக நேரே உள்ளே வந்துவிடும். போன மழையில் நீலத் துணி நனைந்து, சாயம் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளைத் துணியையும் கெடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர் நயமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டாங்கக்கா." சீருடை கைவிட்டுப் போனால் அக்காவுக்கு மிஞ்சுவது கிழிசல் தைப்பதும் ஜிப் மாற்றுவதும்தான்.

தண்ணீர் ஏன் வருகிறது என்பது தெருவுக்கே தெரியும். ஓரச் சாக்கடை அடைத்துக் கிடந்தது. அடைப்பை எடுக்க முடியாதபடி அதன்மேல் பைக் ஏற்றும் சரிவு, வாசற்படி, பூந்தொட்டி மேடை என்று ஆளுக்கொரு சிமெண்டு சாம்ராஜ்யம் எழுப்பியிருந்தார்கள். ஆகவே, சாக்கடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேச ஒரு சங்கம் அவசியமாயிற்று.

தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். தெருவே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும். அவர் மனைவியும் அப்படித்தான். மருந்துக்கடைக்காரர் செயலாளர். பஸ் டிரைவரான அக்காவின் கணவர் துணைத்தலைவர். அக்காவின் மாமியார் கௌரவ ஆலோசகர். அதுவரை யாரும் கேட்காமலே ஆலோசனை வழங்கிவந்தவருக்கு இப்போது கௌரவமும் சேர்ந்துகொண்டது. மற்றவர்கள் இணை, உதவி, சிறப்பு, அமைப்பு என்று கிடைத்ததை முன்னால் ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு செயலாளர் ஆனார்கள்.

"அப்ப நான் யாரு?" என்றார் கடைசியாக வந்த அக்கா.

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ உறுப்பினர்மா. சங்கத்துக்கு உயிர்நாடியே உறுப்பினர்தான்."

பிறகு எழுந்து நின்று விதியை அறிவித்தார். "உறுப்பினர்கள் முடிவெடுப்பாங்க. நிர்வாகிகள் நிறைவேத்துவாங்க. ஜனநாயகம்னா அதான்."

கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. உறுப்பினர்கள் என்ற பன்மையில் ஓர் ஆள்தான் இருக்கிறார் என்பதை அந்த ஆரவாரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

முதல் கூட்டத்தில் பெயர்ப்பலகை எழுதுவதென்று தீர்மானம். அக்கா கை தூக்கினார். ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த கூட்டத்தில், நிர்வாகிகள் தோளில் குறுக்கே அணிய, பதவியின் பெயர் தைத்த சாட்டின் பட்டைகள். அதற்கும் அக்காவே கை தூக்கினார்; தைத்ததும் அவரே. 'இணை அமைப்புச் செயலாளர்' என்று தைப்பதற்குள் பாபினில் நூல் தீர்ந்தது. 'தலைவர்' சின்னதாக முடிந்துவிட்டதே என்று சாருக்கு வருத்தம். இரண்டு பக்கமும் பூ வைத்துத் தரச் சொன்னார்.

மூன்றாவது கூட்டம் சார் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. கிழக்கே மேகம் கன்னங்கரேலென்று திரண்டிருந்தது.

"தெரு முனையில ஒரு வரவேற்பு வளைவு" என்றார் செயலாளர். "உறுப்பினர் கை தூக்கலாம்."

அக்காவின் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன.

"என்னம்மா, தோள் வலியா? மாத்திரை தரட்டுமா?"

"கை நல்லாத்தான் இருக்கு. தூக்கத்தான் தோணலை" என்றார் அக்கா. "நானே ஒண்ணு முன்மொழியறேன். சாக்கடை மேல இருக்கற சிமெண்டை எல்லாம் பேத்து, அடைப்பை எடுக்கணும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல யோசனைதான். ஆனா பாரு, இன்னொரு உறுப்பினர் வழிமொழியணும். அதுக்கு ஆள் இல்லையேம்மா." துக்கத்தைத் தாங்கிக்கொண்டவர் போல உட்கார்ந்தார்.

அக்கா கணவரைப் பார்த்தார். துணைத்தலைவர் மேகத்தைப் பார்த்தார்.

"நீங்க பதவியை விட்டுட்டு உறுப்பினரா வரலாமே."

"பட்டை இன்னும் கசங்கக்கூட இல்லடி" என்றார் அவர் மெதுவாக.

"சரி. ராத்திரி பட்டையையே சாப்பிட்டுக்கங்க."

அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமியார் எழுந்து, தன் பட்டையைத் தலைவழியே கழற்றி, நான்காக மடித்துச் சாரின் மடியில் வைத்தார்.

"நான் ராஜினாமா. இனிமே உறுப்பினர். என் மருமக சொன்னதை வழிமொழியறேன்."

"யோசிச்சு செய்யுங்க. கௌரவ ஆலோசகர் பதவி" என்று பதறினார் சார்.

"என்ன கௌரவம்? இதுவரைக்கும் ஒருத்தராவது வந்து ஆலோசனை கேட்டீங்களா? போன மழையில ஒரு தவளைதான் என் கட்டிலுக்கடியில வந்து கேட்டுச்சு."

இரண்டு கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது. நிறைவேற்ற வேண்டியவர்கள் நிர்வாகிகள்; தெருவில் நிர்வாகிகளுக்கா பஞ்சம்?

மறுநாள் காலை கடப்பாரைகள் வந்தன. முதல் பலி சாரின் பைக் சரிவு; அவரிடம் பைக் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருந்துக்கடை வாசற்படிக்கடியில் இருமல் மருந்துப் பாட்டில்களாக வெளிவந்தன. செயலாளர் அவற்றை முன்பின் பார்த்திராதவர் போல நின்றார். சாக்கடை வாயை அடைத்துக்கொண்டிருந்த பெயிண்ட் டப்பா மட்டும் யாருடையது என்று விசாரிக்கப்படவில்லை. சங்கத்துப் பெயர்ப்பலகையின் பச்சை அதன் விளிம்பில் இன்னும் மங்கவில்லை.

வெயில் ஏறியதும் பட்டைகள் தலைப்பாகை ஆயின. குனிந்து சேறு அள்ளிய துணைத்தலைவரின் நெற்றியில் 'துணை' மட்டும் தெரிந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு" என்று அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் மழை கொட்டியது. அக்கா துணிக் கட்டுகளை மேசைமேல் ஏற்றிவிட்டு, மிஷினில் உட்கார்ந்தும் மிதிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருத் தண்ணீர் வழக்கம்போல வந்தது. படியருகே சுழன்று சற்று யோசித்தது. பிறகு சாக்கடைக்குள் சளசளவென்று இறங்கிப் போயிற்று. அக்கா ஒவ்வொரு கட்டாக மேசைக்கடியில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு பாவாடைக்கு மடிப்பு எடுக்கத் தொடங்கினார்.

மழை விட்டதும் சார் வந்தார், பட்டையும் கையுமாக. அவருக்குப் பின்னால் செயலாளர். அவருக்குப் பின்னால், சொந்த வீட்டுக்கே வரிசையில் நின்றபடி, துணைத்தலைவர்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சார், குரலைத் தாழ்த்தி. "இதுல தலைவர்ங்கறதைப் பிரிச்சிட்டு, உறுப்பினர்னு தச்சுக் குடேன்."

"அந்தப் பூ?"

"அது இருக்கட்டும்."

அக்கா தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே இருந்தார். "வச்சிட்டுப் போங்க சார். ஸ்கூல் துணி முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அதை உறுப்பினர்கள்தான் முடிவு பண்ணணும்" என்றார் மாமியார், உள்ளேயிருந்து.