எங்கள் கிணற்றில் கண்ட தங்கம்

பெருந்துறைக்குப் பக்கத்தில் நம் தோட்டத்துக் கிணற்றில் தங்கம் கிடைத்ததாமே என்று கேட்கிறீர்கள், பிள்ளைகளே. கிடைத்தது உண்மைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வருஷம் மழை இல்லை. மஞ்சள் பயிர் வாடியதால் என் அப்பா கிணற்றை ஆழப்படுத்த ஆள் விட்டிருந்தார். வெடி வைத்தபோது கரும்பாறைக்கு நடுவே கையகலத்துக்கு வெள்ளைக்கல் பட்டையாக ஓடியது. அதில் பொன்னிறப் பொட்டுகள். சேதி கேட்டுக் கோயமுத்தூரிலிருந்து ஒரு தரகர் வந்தார். மினுங்கிய கற்களாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர், சில நாளில் திரும்பி வந்தார்.

"சோதிச்சாச்சுங்க, அத்தனையும் தங்கம்! கீழ வெட்டறதை நிறுத்திப்போட்டு, கல்லு போற வழியே பக்கவாட்டுல வெட்டுங்க. எனக்கும் ஒரு பங்கு குடுங்க."

அப்பா நிறுத்திவிட்டார்! தண்ணீருக்கு வந்த ஆட்கள் தங்கத்துக்கு வெட்டினார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஈரோட்டு மண்டியில மூட்டை மேல நல்ல மஞ்சளாப் பரப்பி வெச்சா வியாபாரி ஏமாறறானா? குத்தூசியை மூட்டை வயித்துல உட்டு எடுத்துத்தானே பாக்கறான்? உங்களுக்கு மட்டும் மேலாப்புல மினுங்குனாப் போதுமாக்கும்!"

"மஞ்சளும் தங்கமும் ஒண்ணா அம்மணி?" என்று அப்பா சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிணற்றில் இறங்கி, அந்தக் கல் தெரிந்த நீளம் முழுக்க, மினுங்கினாலும் மினுங்காவிட்டாலும், முழத்துக்கு ஒரு இடமாகக் கொத்தி எடுத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாக இடிப்பதைப் பார்த்துத் தரகர் குதித்தார்.

"நல்ல கல்லோட சொத்தையைக் கலந்தா எப்படிங்க தம்பி?"

"வெட்டும்போது சொத்தையை உட்டுப்போட்டுத் தங்கத்தை மட்டும் வெட்ட முடியுங்களா?"

அந்தப் பொடியைச் சர்க்கார் கனிம அலுவலகத்தில் கொடுத்தேன். சோதித்த அதிகாரி கிணற்றையும் நேரில் வந்து பார்த்தார்.

"தங்கம் இருக்குதுங்க. ஆனா ரொம்பக் கொஞ்சம். கல்லும் போகப்போக மெலியுது. வெட்டி இடிச்சுக் கழுவற கூலிக்கே கட்டாது."

"இன்னும் ரெண்டு வெடி வெச்சா..." என்று தரகர் ஆரம்பித்தார்.

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கீழயே வெட்டுங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னார். பிறகு தரகரை எங்கள் மேற்குக் காட்டு வயலுக்கு அழைத்துப்போய், தண்ணீரில்லாமல் கருகிக் கிடந்த மஞ்சளைக் காட்டினார்.

"தொழில்ல இதெல்லாம் சகஜமுங்க" என்று சொல்லிவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரகர் பஸ் ஏறப் போய்விட்டார்.

யாருடைய தொழிலில்? கருகியது அவருடைய பயிரா?