பேப்பரில் வந்த ஆட்களுக்கு வாடகை வீடு

வீட்டுத் தரகில் வீட்டைக் காட்டுவது சுலபம். வீட்டுக்காரருக்கு ஆளைக் காட்டுவதுதான் பெரும்பாடு. அதிலும் காலையில் அவர்கள் பேப்பர் பார்த்துவிட்டால், என்னைப் போல அலைகிற சகபாடிகளே, அன்றைக்கு நம் பாடு அதோகதிதான்.

மர்ம நபர்

மானிப்பாயில் ‘மர்ம நபர் நடமாட்டம், மக்கள் அச்சம்’ என்று செய்தி வந்த அன்றே, வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி உத்தியோகத்தருக்கு அங்கே வீடு காட்டப் போனேன். மனிதர் கிணற்றை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் போனை நீட்டி அவரைப் படம் பிடித்தார். “பேப்பரிலை ஆளின்ரை அடையாளம் ஒண்டும் போடேல்லையே அக்கா?” என்றேன்.

“அதுதான் தம்பி, உவரைப் பாரும், ஒரு அடையாளமும் இல்லை!”

ஊடுருவியோர்

கலா கோப்பாயில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் சின்னப்பிள்ளையாகத் தமிழ்நாட்டு முகாமுக்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டி, இப்போது புருஷனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் மீன்பிடிப் படகில் திரும்பியிருந்தார். ‘கடல்வழியாக ஊடுருவிய நால்வர் சிக்கினர்’ என்று பேப்பர் போட்டது. நீதிமன்றம் விட்டுவிட்டது, வாசித்தவர்கள் விடவில்லை. ஒண்டியிருந்த சொந்தக்காரர் வீட்டிலும் எழும்பச் சொல்லிவிட்டார்கள். வீடு கிடைக்காவிட்டால் திரும்பவும் முகாம்தான் என்று என் முன்னால் நின்று அழுதார்.

அச்சுவேலியில் ஒரு வீட்டுக்கார அம்மா, ஊடுருவினவர்களை நம்பி வீடு கொடுக்க முடியாது என்றார். அவருடைய மகன் காடு மலை தாண்டிக் களவாகப் பிரான்சுக்குப் போனது ஊருக்கே தெரியும். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“என்ன கதை கதைக்கிறீர்? அவன் ஊடுருவேல்லை. ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனவன்!”

லண்டன் அண்ணை

கடைசியாகக் கோப்பாயில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. சாவி என்னிடம், வீட்டுக்காரர் லண்டனில். போன் எடுத்தால், அவரும் செய்தியை வாசித்திருந்தார்.

“உந்த ஊடுருவின கூட்டம் வேண்டாம் தம்பி.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “அவையின்ரை பேர் வாசிச்சனீங்களோ அண்ணை?”

“பேர் எங்கை கிடக்கு? நாலு பேர் எண்டுதான் போட்டிருக்கு.”

“ஒரு ஆள் கலா. கோப்பாய்தான். பக்கத்திலை நிண்டு அழுகிறா.”

லண்டன் அண்ணை மெதுவாகச் சொன்னார்.

“நான் இஞ்சை லொறிக்குள்ளை வந்திறங்கின அண்டைக்கும் பேப்பரிலை வந்தது தம்பி. ஒரு கூட்டம் பிடிபட்டது எண்டு போட்டவங்கள், ஒருத்தற்றை பேரும் போடேல்லை. திறப்பைக் குடும்.”

இப்போதெல்லாம் காலையில் பேப்பரை விரித்தால், எழுதினவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே, அதில் பேரில்லாமல் வருகிறவர்களுக்கு எத்தனை அறை வீடு தேவைப்படும் என்றுதான் என் தரகுப் புத்தி கணக்குப் போடுகிறது.