காலண்டர் கிட்டங்கியில் நாலு மாலுமிகள்

அந்தக் கிட்டங்கியில் சோலைமலைக்குப் பிடிக்காத ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவனையும் சேர்த்து அங்கே மொத்தமே நாலு பேர்தான்.

திருத்தங்கலில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தக் கிட்டங்கி செல்லக்கனி அண்ணாச்சியுடையது. பட்டாசுக் கம்பெனி ஒன்று, அச்சாபீஸ் ஒன்று என்று இரண்டு தொழில் அவருக்கு. அச்சடித்த காலண்டர்களை அடுக்கி வைக்கிற கிட்டங்கி, தை பிறந்து சீசன் முடிந்ததும் காலியாகிவிடும். விலைபோகாத முருகனும் லட்சுமியும் மட்டும் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடப்பார்கள். 2008-ஆம் வருஷம் மாசி மாதம் அங்கே ஒரு படகின் பாய்களை விரித்துப் போட்டார்கள். அண்ணாச்சியின் மகள் பிரீத்தி, ஆஸ்திரேலியாவில் படிக்கப் போன இடத்தில் பாய்மரம் பழகி வந்தவள், கொச்சியிலிருந்து மொரிஷியஸ் வரைக்குமான படகுப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். சித்திரையில் போட்டி. படகு தூத்துக்குடியில் நின்றது. சனி, ஞாயிறு அங்கே போய் ஓட்டிப் பார்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் கிட்டங்கியில் பாய் தைப்பது, கயிறு முடிவது, சாமான் கட்டுவது.

எல்லாரும் ஒன்றாகத் தங்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஏற்பாடு. "நாப்பது நாள் ஒரே கூரைக்குள்ள கெடந்து பாருங்க. இங்கன அடிச்சுக்கிட்டுச் சாகலேன்னா அங்கன கடல்லயும் சாக மாட்டீக" என்றார்.

கம்பெனி வேனில் போகிற பெண்கள் கிட்டங்கி வாசலைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பார்கள். "தண்ணியில்லாக் காட்டுல கப்பல் விடுறாகளாம்டி!" என்று ஒருத்தி சொல்ல, வேன் குலுங்கிச் சிரித்துக்கொண்டு போகும்.

படகில் மூன்று பேருக்குத்தான் இடம். நாலாவது ஆள் கையிருப்பு. எவனுக்காவது காய்ச்சல் வந்தால் ஏறிக்கொள்ளலாம். வராவிட்டால் கொச்சிக் கரையில் நின்று கையை ஆட்டலாம். பிரீத்தி கேப்டன். அவளுடைய அத்தை மகன் காளீஸ்வரன், அச்சாபீஸைப் பார்த்துக்கொள்கிறவன், அண்ணாச்சி வீட்டு ரத்தம் என்பதால் அவன் இடம் உறுதி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மிச்சம் ஒரே ஓர் இடம். அதற்கு இரண்டு பேர். தூத்துக்குடித் தோணியில் முப்பது வருஷம் மாலத்தீவுக்கு லோடு கொண்டுபோன அய்யாதுரை ஒருவர். எம். புதுப்பட்டிக்காரன் சோலைமலை இன்னொருவன்.

முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை சோலைமலை. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனான். ஐதராபாத்தில் ஏரியில் பாய்மரம் பழக்கினார்கள், பிடித்துக்கொண்டான். பம்பாயிலிருந்து கோவா வரை இரண்டு தரம் போய் வந்திருக்கிறான். 1998-இல் பட்டாளத்துப் படகு ஒன்று மஸ்கட்டுக்குப் புறப்பட்டது. அதில் அவன் கையிருப்பு ஆள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அது புள்ளியாகிற வரைக்கும் கரையில் நின்றான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் ஆகி நாலு வருஷம் ஓடியும் அந்தப் பேச்சை விடவில்லை. "அந்தக் கயித்தை இன்னமும் கையில பிடிச்சுக்கிட்டே திரியுறீக" என்பாள் அவன் மனைவி வெள்ளைத்தாய். அண்ணாச்சி கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கு அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்: "இந்தத் தடவை நான் கரையில நிக்க மாட்டேன், பாத்துக்க."

ஆனால் கிட்டங்கிக்குள் நுழைந்த முதல் நாளே பகை தொடங்கிவிட்டது. கடலில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்று பிரீத்தி சட்டம் போட்டாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். முறை வைத்துத் தூக்கம். யாருக்கு எந்த முறை என்று விற்காத காலண்டரின் முதுகில் எழுதி மாட்டினாள். "ஏன்", "எதுக்கு" என்று கேட்டால் பதிலே வராது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு பார்வை மட்டும் வரும். அய்யாதுரை வெற்றிலையைப் போட்டுவிட்டு நாலு லிட்டரில் ஒரு லிட்டரைக் கொப்பளித்துத் துப்புவார். தீர்ந்தால் சோலைமலையின் குடத்தில் கை வைப்பார். கேட்டால், "ஓய் பட்டாளம், நீரு ஏரியில தொழில் படிச்ச ஆளு. உமக்குக் குடிக்கத் தண்ணி எதுக்குவே? ஏரித் தண்ணி வயித்துல மிச்சம் இருக்குமே!" என்பார். காளீஸ்வரன் எல்லாரோடும் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துவிட்டு, அடுத்த கால்மணியில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் எண்ணெய் புரோட்டா தின்று வருவான். வந்து, மணக்கும் வாயோடு, "என்ன ஃபோர்மேன், இன்னிக்கு எம்புட்டு வெயிட்டு குறைஞ்சீக?" என்பான்.

சோலைமலையும் லேசுப்பட்டவனில்லை. செருப்போடு பாயில் கால் வைத்தார் என்று அய்யாதுரையைப் பற்றி பிரீத்தியிடம் போய்ச் சொன்னான். அவர் குறட்டைக்கு மணி பார்த்துச் சொன்னான். பெட்டியைத் தரையில் இழுத்தால் அவனுக்கு உடம்பெல்லாம் கூசும். பட்டாசுக் கம்பெனியில் எதையும் தரையில் உரச விட மாட்டார்கள், தூக்கித்தான் வைப்பார்கள். அது தெரிந்துகொண்ட காளீஸ்வரன் வேண்டுமென்றே சாமான் பெட்டிகளை கர்ரென்று இழுப்பான். "தூக்கி வைங்க சின்னவரே" என்று இவன் பல்லைக் கடிப்பான். "இதுல சேமியாதான இருக்கு ஃபோர்மேன், வெடிச்சிருமோ?"

யாரைக் கரையில் விடுவது என்று பிரீத்தி முப்பது நாள் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் மூன்று ஆண்களையும் இன்னும் கெடுத்தது.

முப்பத்திரண்டாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கொச்சியிலிருந்து போட்டி ஆபீஸ்காரர் தூத்துக்குடிக்கு வந்து பாதுகாப்புச் சாமான்களைச் சரிபார்க்கப்போகிறார். அதில் முக்கியமானது ஃபிளேர். கடலில் ஆபத்தென்றால் கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு வெளிச்சக் குழல். நம் ஊர்ப் பென்சில் மத்தாப்புக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். எட்டு வேண்டும், எட்டும் காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும். படகோடு வந்த எட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்பே காலாவதி. புதுசு வர ஒரு மாதம் ஆகும் என்று கடைக்காரன் சொன்னபோது, "அதை நான் பாத்துக்கிறேன்" என்று காளீஸ்வரன் சொல்லியிருந்தான்.

சாமான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த சோலைமலை அந்தப் பெட்டியைத் திறந்தான். எட்டுக் குழலிலும் 2010 என்று தேதி. உள்ளங்கையில் வைத்து ஒன்றைத் திருப்பினான். குழல் மங்கிக் கிடந்தது; லேபிள் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. மூக்கருகில் வைத்தான். பசை வாசம். சிவகாசிக்காரனுக்கு லேபிள் விஷயத்தை யாராவது சொல்லித் தர வேண்டுமா?

ஒவ்வொரு குழலையும் காதோரம் வைத்து ஆட்டினான். ஐந்து கம்மென்று இருந்தன. மூன்றுக்குள் மட்டும் சலசலவென்று சத்தம். உள்ளே மருந்து விரிசல் விட்டு உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட மருந்து நெருப்பைக் கண்டால் மேலிருந்து கீழாக ஒழுங்காக எரியாது. விரிசல் வழியே ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கும்.

பிரீத்தி பின்பக்கம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பதினைந்து தப்படி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தானும் அவளும் மெதுவாகப் பேசி மூடிவிடுவார்கள் என்று அவனுக்குப் பட்டது. காளீஸ்வரன் நாலு பேர் முன்னால் நாற வேண்டும். அதோடு, கெட்ட மருந்தை மறுநாள் வரை வைக்காதே, தண்ணீரில் போடு என்பது கம்பெனியில் அவன் கையில் ஊறிய பழக்கம். பழக்கத்துக்குள் வன்மத்தை ஒளித்து வைப்பது சுலபம். எட்டையும் கொண்டுபோய்த் தண்ணீர் ட்ரம்முக்குள் அமுக்கி, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தான்.

மறுநாள் காலை ட்ரம்மைத் திறந்த காளீஸ்வரன் கத்தின கத்தில் ரயில்வே கேட்காரர் எட்டிப் பார்த்தார்.

"எவன்லே இதைச் செஞ்சது?"

"நாந்தான். செத்த மருந்துக்கு நீங்க புதுச் சட்டை போட்டுவிட்டீக. நான் குளிப்பாட்டிவிட்டேன்" என்றான் சோலைமலை. இந்த ஒரு வரியை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தான்.

அய்யாதுரை ட்ரம்முக்குள் குனிந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அடப் பாவி மனுசா! இது கடலுக்குன்னே செஞ்ச சாமான்வே. மேலயும் கீழயும் அடைச்சுத்தான் வச்சிருப்பான். அலையில முங்கி எந்திரிச்சுக் கொளுத்தணும்லா? உம்ம ட்ரம்முத் தண்ணிக்குப் பயந்து செத்துப்போகுமா?"

சோலைமலைக்கு அது தோன்றவேயில்லை. மருந்து என்றால் தண்ணீரில் சாகும். அவன் ஊரில் அதுதான் நியாயம்.

பிரீத்தி யாரையும் திட்டவில்லை. காளீஸ்வரனிடம் மட்டும் கேட்டாள். "லேபிள் நீங்க ஒட்டினதா அத்தான்?"

"தேதி சும்மா ஒரு சம்பிரதாயம்மா. மருந்து கல்லு மாதிரி இருக்கு. வேணும்னா கொளுத்திக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

கம்பெனிகள் இருக்கும் பக்கமே போகாமல், வேனில் ஊருக்கு மேற்கே வறண்டு கிடந்த கண்மாய்க்குள் இறங்கினார்கள். காளீஸ்வரன் நனைந்த குழல்களை ஒரு பையில் எடுத்து வந்திருந்தான். ஒன்றை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து, அதன் அடியிலிருந்த பற்றவைக்கும் கயிற்றை இழுத்தான். சரேலென்று சிவப்பாகப் பூத்து, காலை வெயிலையும் வெளுக்க வைத்து, முழுசாக ஒரு நிமிஷம் எரிந்தது. கரையில் மேய்ந்த ஆடுகள் தெறித்து ஓடின.

"என்ன ஃபோர்மேன், செத்த பொணம் எந்திரிச்சு ஆடுது!" என்று காளீஸ்வரன் கொக்கரித்தான்.

"பட்டாளம் குளிப்பாட்டுனதுல அதுக்கு உசுரு வந்துட்டுவே!" அய்யாதுரை கை தட்டினார்.

இவர்கள் வாயில் விழுந்து இன்னும் ஏழு நாள் கிடக்க வேண்டும், அப்புறம் கொச்சியில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்று சோலைமலைக்கு உள்ளே எரிந்தது. "ஒண்ணு எரிஞ்சா எட்டும் எரிஞ்சதா ஆயிருமா? இன்னொண்ணைக் கொளுத்துங்களேன் சின்னவரே" என்றான்.

"கொளுத்துறேன், கண்ணைத் தொறந்து பாரும்." காளீஸ்வரன் பையில் கை விட்டான். வெளியே வந்த குழலைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். அது அவன் கையில் விழுந்தபோது உள்ளே சலசலத்தது சோலைமலைக்குத் தெளிவாகக் கேட்டது.

பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் கொளுத்தும்போது ஃபோர்மேன் முதலில் "தள்ளு!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். கொளுத்துகிறவன் உட்பட எல்லாரும் உஷாராவார்கள். அப்புறம்தான் தானும் விலகுவான். நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பான்! இன்றைக்குக் கால் அதன் வேலையைப் பார்த்தது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்று எட்டு பின்னால் போனான். நாக்கு எழும்பவில்லை. எழுப்ப நேரம் இருந்தது.

கயிற்றை இழுத்ததும் குழலின் இடுப்பு பொத்துக்கொண்டு தீ பக்கவாட்டில் பாய்ந்தது. உருகிய மருந்து காளீஸ்வரனின் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் வழிந்து ஒட்டியது. அவன் போட்ட அலறலில் அய்யாதுரை உட்கார்ந்தே விட்டார். அதற்குப் பிறகு சோலைமலை செய்ததெல்லாம் சரிதான். பாய்ந்து போய்க் குழலைத் தட்டிவிட்டான், வேனிலிருந்த தண்ணீரையெல்லாம் கையில் ஊற்றினான், தன் வேட்டியைக் கிழித்து நனைத்துச் சுற்றினான், வேனை அவனே ஓட்டினான். தீக்காயத்துக்கு டாக்டர் தேடி அலைய வேண்டிய ஊரா அது? இருபது நிமிஷத்தில் கட்டிலில் கிடத்திவிட்டார்கள்.

"விரல் தப்பிச்சிரும். ரெண்டு மாசத்துக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

காளீஸ்வரனுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும் முன்பே வராந்தா பெஞ்சில் சோலைமலை கணக்குப் போட்டுவிட்டான். இடம் இரண்டு, ஆள் இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யாதுரையும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார். முப்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக வெற்றிலைப் பையை இவன் பக்கம் நீட்டினார். இவனும் ஒன்றை எடுத்து மடித்தான்.

பிரீத்தி வெளியே வந்து இருவர் முன்னாலும் நின்றாள். சோலைமலையைப் பார்த்தாள்.

"நீங்க மூணு எட்டு பின்னால போனீங்க."

"அது... பழக்கம்மா."

"பழக்கம்தான். அப்பா கம்பெனில நானும் சாம்பிள் கொளுத்துறதைப் பாத்திருக்கேன். சத்தம் போட்டுட்டுத்தான் நகருவீங்க." கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். "முதல் குழலுக்கு நீங்க நகரவே இல்ல. ரெண்டாவதுக்கு மட்டும் நகர்ந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

சோலைமலை வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான். "அவரு பொய் லேபிள் ஒட்டுனாரு. அதை யாரும் கேக்க மாட்டீகளா?"

"கேட்டேன். கை ஆறினாலும் அத்தான் இனி என் படகுல கிடையாது. பொய்த் தேதி போட்டு வர்ற வெளிச்சம் எனக்கு வேண்டாம். ஆபத்து தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நகர்ற ஆளும் வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போயிருங்க."

"வேற ஆளு எங்கன போயிப் பிடிப்பீக? பத்து நாளு கூட இல்ல."

"கிடைக்கலேன்னா நானும் அய்யாதுரை அண்ணாச்சியும் ரெண்டு பேராப் போறோம்."

சோலைமலை அய்யாதுரையைப் பார்த்தான். இவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் இருந்தது. அவர் வெற்றிலைப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "பட்டாளம், நீரு கிட்டங்கிப் பக்கம் அலைய வேண்டாம். உம்ம பெட்டியை நானே வேன்ல போட்டு அனுப்பிருதேன். இழுக்க மாட்டேன், தூக்கித்தான் வைப்பேன்."

கிழிந்த வேட்டியோடு எம். புதுப்பட்டி பஸ்ஸில் அவன் நின்றுகொண்டே வந்தான். பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த வெள்ளைத்தாய், கையில் ஒட்டிய வெள்ளி நிற மருந்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேட்டியைப் பார்த்ததும் எழுந்தாள். நடந்ததைச் சொன்னான். லேபிளைச் சொன்னான், ட்ரம்மைச் சொன்னான், பொத்துக்கொண்ட குழலைச் சொன்னான். அந்த ஊரில் யாராக இருந்தாலும் முதலில் எதைக் கேட்பார்களோ அதையே அவளும் கேட்டாள்.

"நீங்க சத்தம் குடுக்கலையா?"

"குடுத்தேன். அவரு காதுல வாங்கல."

வெள்ளைத்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மறுபடி கையைத் தேய்க்கத் தொடங்கினாள்.